ரயில் யாருடையது, நட்டம் யாருடையது: நம்ம கொங்குப் பாதைகளை வைத்து ஒரு விவாதம்

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. 2022 ஜூன் 14 அன்று கோவை வடக்கிலிருந்து ஷீரடிக்கு ஒரு வண்டி கிளம்பியது. ரயில்வேயின் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத் தனியார் சுற்றுலா ரயில் நடத்தும் பாரத் கௌரவ் திட்டத்தில் நாட்டிலேயே முதல் வண்டி அது. அதற்குப் பிறகு நம்ம பக்கம் ரயில் பேச்சு வந்தாலே இரண்டு குரல்தான் கேட்கிறது. "தனியாருக்குக் கொடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்பது ஒன்று. "கொடுத்தா ஏழை ஏற முடியாது" என்பது மற்றது. இரண்டு பேருமே நம்ம ஊர்த் தண்டவாளம் யார் பணத்தில் வந்தது என்பதைத் தொடுவதில்லை. அதை முன்னால் வைக்கத்தான் இந்த இழை.

சேலம், சங்ககிரி, ஈரோடு, திருப்பூர், போத்தனூர் என்று போகிற பாதை 1861, 1862 ஆண்டுகளில் போட்டது. போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி, லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய தனியார் நிறுவனம். ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையும் 1860களில் இன்னொரு தனியார் கம்பெனி போட்டதுதான். தனியார் ரயில் என்பது நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலேயே இங்கே ஓடியிருக்கிறது.

ஆனால் அந்த முதலீட்டில் ஆபத்து என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் இப்படி: நிலம் இலவசம். கம்பெனி போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி. வண்டி ஓட்டி அந்த அளவு வரவில்லையென்றால் குறைவதை அரசு கொடுக்கும். கூடுதலாக வந்தால் பாதிக்குப் பாதி. அரசு எங்கிருந்து கொடுத்தது? இந்திய வருவாயிலிருந்து. அதில் பெரும்பங்கு நிலவரி. மழை பொய்த்த வருசமும் காங்கேயத்துக் காட்டுக்காரர் கட்டிய வரி, லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டியாகப் போயிருக்கிறது.

இதனால் கட்டுமானச் செலவு வீங்கியது. இந்தியாவில் நிதி உறுப்பினராக இருந்த மாசி என்பவர் 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை வெளிப்படையாகவே சொன்னார். 5 சதவீதம் உறுதியென்றால், தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல் சுண்ணாம்பாக மாறினாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்ற பொருளில். வைஸ்ராயாக இருந்த ஜான் லாரன்ஸ் அதற்கு முன்பே லாபம் முழுதும் கம்பெனிக்கு, நட்டம் முழுதும் அரசுக்கு என்று குறை எழுதி, இனி அரசே பாதை போடட்டும் என்றார். 1869-க்குப் பிறகு அரசு நேரடியாகப் போடத் தொடங்கியது அப்படித்தான்.

அதனால் "தனியாரா அரசா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். நட்டம் வந்தால் யார் கொடுப்பது? லாபம் வந்தால் யார் எடுப்பது? எந்த ஊருக்கு எந்த நேரத்தில் வண்டி என்று யார் முடிவு செய்வது? மூன்றும் ஒரே கையில் இருக்கவேண்டும் என்பது என் வாதம். பொதுப்பணம் போகிற இடத்தில் பொது அதிகாரமும் போகவேண்டும். மற்றவங்க சொல்லுங்க.

திருப்பூர்_நூல் எழுதியது:

பழைய கதை சரிங்கண்ணா. ஆனா அது வெள்ளைக்காரன் அவன் ஆளுகளுக்குச் செஞ்சுக்கிட்ட ஏற்பாடு. அதை வெச்சு இன்னைக்கு முதல் போடறவன எல்லாரையும் சந்தேகப்படறது நியாயமில்லீங்க.

நான் பனியன் ஏற்றுமதியில இருக்கறவன். எங்களுக்குக் கப்பல் தேதிதான் எல்லாம். தூத்துக்குடிக்குப் பெட்டி அனுப்பறதுன்னா லாரிதான் பிடிக்கறோம். இருகூர்ல கண்டெய்னர் டிப்போ இருக்குது, ரயில்ல போட்டா செலவு குறையும்னு சொல்றாங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி ஏத்துனா நாளைக்கு எத்தனை மணிக்குத் துறைமுகம் சேரும்னு எழுத்துல யாரும் தர்றதில்ல. லாரிக்காரர் போன்லயே சொல்லீருவார். சொன்ன நேரத்துக்குச் சேரலைன்னா அடுத்த லோடு அவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். ரயில்வேக்கு அந்தப் பயம் இல்ல. எங்கிட்ட லோடு போனா என்ன, போகாட்டி என்ன, சம்பளம் வந்துரும்.

பஸ்ஸைப் பாருங்க. நம்ம பக்கம் தனியார் பஸ்ஸும் கவர்மென்ட் பஸ்ஸும் ஒரே ரோட்டுல ஓடுது. பல்லடம் ரோட்டுல நின்னு பாத்தா வித்தியாசம் தெரியும். ரயில்லயும் அப்படி நாலு பேர ஓடவிட்டா என்ன குத்தம்? ஜப்பான்ல 1987-லயே பிரிச்சுக் குடுத்துட்டாங்க. வண்டி நொடி பிசகாம ஓடுது.

கைகாட்டி எழுதியது:

நான் ரயில்வேயில் வணிகப் பிரிவில், பெரும்பாலும் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நூல் தம்பி சொல்வதில் சரக்குப் பெட்டி விஷயம் உண்மை. சரக்கு வண்டிக்கு நேரப்பட்டியல் கிடையாது. பயணிகள் வண்டிகளுக்கு வழிவிட்டு, கிடைத்த இடைவெளியில் ஓடும். ஈரோடு–கோவை மாதிரி நெரிசலான பாதையில் ஒரு ரேக் (முழுச் சரக்கு வண்டி) லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில், நின்றால் எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷன் மாஸ்டரே உறுதியாகச் சொல்ல முடியாது. ஓட்டுபவர் தனியார் என்பதால் இது மாறாது. கண்டெய்னர் வண்டிகளைத் தனியார் ஓட்ட 2006-லேயே அனுமதி கொடுத்தாகிவிட்டது. அவர்கள் வண்டியும் அதே லூப்பில்தான் நிற்கிறது.

மானியக் கணக்கு எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். இதைப் பலர் தப்பாகப் பேசுகிறார்கள்.

2022-23-இல் பயணிகளுக்குக் கொடுத்த மானியம் 56,993 கோடி ரூபாய் என்று ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய் வாங்குகிறோம் என்று கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் பயணச் செலவில் 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து. நிலக்கரி, சிமென்ட், இரும்புத்தாது, தானியம், உரம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் வண்டியின் கட்டணத்தில் ஒரு பங்கு, சாதாரணப் பெட்டியில் உட்கார்ந்து போகிறவரின் டிக்கெட்டுக்குப் போகிறது. அந்தக் கட்டணம் மின்சாரத்தின் விலையில் ஏறும். சுற்றி வந்து நாம்தான் கொடுக்கிறோம், பட்ஜெட்டில் வரி என்ற பெயரில் தெரியாது, அவ்வளவே.

இன்னொன்று. "இந்த வண்டி நட்டம்" என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது அது எப்படி வந்தது என்று கேட்கவேண்டும். ஒரே தண்டவாளத்தில் கோவை எக்ஸ்பிரஸும் மெமு என்ற குறுந்தூர மின்சார வண்டியும் நிலக்கரி ரேக்கும் போகின்றன. அந்தத் தண்டவாளத்தைப் பார்க்கும் கேங்மேன் சம்பளம், கேட் கீப்பர் சம்பளம், சிக்னல் பராமரிப்பு, இதில் எந்த வண்டிக்கு எவ்வளவு? ஒரு சூத்திரம் வைத்துப் பிரிக்கிறார்கள். சூத்திரத்தை மாற்றினால் நட்டமும் மாறும். டீசலும் மின்சாரமும் ஓட்டுநர் சம்பளமும் அந்த வண்டிக்கென்றே ஆகும் செலவு. அந்த வண்டியை நிறுத்தினால் அது மிச்சம். கேங்மேன் சம்பளம் மிச்சமாகாது, மற்ற வண்டிகளுக்காக அவர் இருந்தே ஆகவேண்டும். கிளைப்பாதை வண்டிகளை நிறுத்தும்போது காகிதத்தில் தெரியும் மிச்சம் கையில் கிடைக்காமல் போவதற்கு இது முக்கியமான காரணம்.

முட்டைநாடு எழுதியது:

நாமக்கல்லுங்க. கைகாட்டி ஐயா சொன்ன சரக்குக் கட்டணம் எங்க வயித்துல அடிக்கறது. கோழிக்கு மக்காச்சோளம் வடக்க இருந்து ரேக்குல வருது. 2013-ல சேலம்–நாமக்கல்–கரூர் பாதை திறந்த பொறவு எங்கூரு ஸ்டேசன்லயே இறங்குது, அது பெரிய உபகாரம், மறுக்கல. ஆனா முட்டை விலையில காசு காசா எண்ணற தொழில்ல இருக்கறவன் எதுக்கு ஊட்டி போற குடும்பத்தோட டிக்கெட்டுக்குச் சேத்துக் கட்டோணும்? ஏழைக்குக் குடுக்கறதுன்னா வரிப்பணத்துல நேரா குடுக்கட்டும். தீவனத்து மேல ஏத்த வேண்டாம்.

ஆழியாறு எழுதியது:

நாங்க பொள்ளாச்சிக்காரங்க இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதுங்க.

போத்தனூர்–பொள்ளாச்சி பாதை 1915-ல வந்தது. 1928-ல திண்டுக்கல்லோட சேர்ந்தது. அப்ப இருந்த ஒடுக்கமான மீட்டர்கேஜ் பாதையில, கோயம்புத்தூர்ல ஏறுனா பழனி, மதுரை, ராமேஸ்வரம் வரைக்கும் போகலாம். அகலப்பாதை ஆக்கறோம்னு மூடுனாங்க. பழனி வழி 2015-லயும் போத்தனூர் வழி 2017-லயும் திறந்தாங்க. பாதை வந்திருச்சு, பழைய வண்டிக எல்லாம் திரும்ப வரல. கேட்டா வருமானம் இல்லைங்கறாங்க. வண்டியே விடாம வருமானம் எங்கிருந்து வரும்? வெடியால காலேஜுக்குப் போற பசங்களும் தேங்காய் வியாபாரத்துக்குப் போறவங்களும் ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறாங்க, பக்கத்துல புதுத் தண்டவாளம் காலியாக் கெடக்குது.

நூல் அண்ணாகிட்ட ஒண்ணு கேக்கறேன். தனியாருக்கு விட்டா இந்தப் பாதைக்கு யாராச்சும் வருவாங்களா? சென்னைக்கும் பெங்களூருக்கும் வருவாங்க. எங்களுக்கு?

நொய்யல்கரை அண்ணாகிட்டயும் கேக்கறேன். இது முழுக்க அரசு ரயில்தானே? லாபமும் நட்டமும் அதிகாரமும் ஒரே கையில இருக்கோணும்னீங்க. இருக்குதே. எங்களுக்கு வண்டி எங்க?

பாரதி_பூங்கா எழுதியது:

கோவையில் பொருளியல் ஆய்வு செய்கிறேன். ஜப்பான், பிரிட்டன் இரண்டையும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் நூல் அண்ணா சொன்ன வெற்றிக் கதையில் ஒரு பாதி காணோம்.

ஜப்பானில் தேசிய ரயில்வேயை 1987 ஏப்ரல் 1 அன்று ஆறு பயணிகள் கம்பெனி, ஒரு சரக்குக் கம்பெனி என்று பிரித்தார்கள். அப்போது அதன் கடன் ஏறக்குறைய 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பங்கைப் புதிய கம்பெனிகள் சுமக்கவில்லை, தனியாக ஒரு அமைப்பில் வைத்தார்கள். கடைசியில் பெரும்பகுதி மக்கள் தலையில்தான் வந்தது. கடன் கழிந்த பிறகு டோக்கியோ, ஒசாகா வட்டாரங்களில் இருந்த கம்பெனிகள் நன்றாக நின்றன. அங்கே மக்கள் நெருக்கம் அப்படி. நிலையத்தின் மேலேயே கடை, ஹோட்டல், அலுவலகம் கட்டி வருமானம் பார்க்கிறார்கள். ஆனால் பனியும் வெற்றிடமுமான வடக்குத் தீவு ஹொக்கைடோவில் அந்த வட்டாரக் கம்பெனி இன்றுவரை அரசு உதவி இல்லாமல் ஓடவில்லை, பாதைகளை ஒவ்வொன்றாக மூடிவருகிறது. புதிய ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பாதைகளைக் கட்டுவதும் அரசு அமைப்புதான், கம்பெனிகள் குத்தகை கொடுத்து ஓட்டுகின்றன.

பிரிட்டன் கதை வேறு. 1948-இல் அரசுடைமை. 1993 சட்டத்துக்குப் பிறகு துண்டு துண்டாக விற்றார்கள். தண்டவாளம் ரயில்ட்ராக் என்ற ஒரு கம்பெனிக்கு, வண்டி ஓட்டுவது பலருக்கு, பெட்டிகள் வாடகைக்கு விடும் கம்பெனிகளுக்கு என்று. பராமரிப்பை ரயில்ட்ராக் வெளி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டது. 2000 அக்டோபர் 17-இல் ஹாட்ஃபீல்டில் தண்டவாளம் விரிசல் விட்டு நொறுங்கி வண்டி தடம்புரண்டது, 4 பேர் இறந்தார்கள். எங்கெங்கே இப்படி விரிசல் இருக்கிறது என்று அந்தக் கம்பெனிக்கே தெளிவான விவரம் இல்லை. நாடு முழுக்க வண்டிகளை மெதுவாக ஓட்டவேண்டி வந்தது. மறு ஆண்டே ரயில்ட்ராக் திவால் நிலைக்குப் போனது, 2002-இல் தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற பொது அமைப்பிடம் வந்தது. வண்டி ஓட்டும் கம்பெனிகளையும் ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுக்க 2024-இல் சட்டம் போட்டார்கள். 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே வந்தது. இத்தனைக்கும் விற்ற பிறகு அரசு கொடுத்த மானியம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும், பழைய பிரிட்டிஷ் ரயில் காலத்தைவிடக் கூடுதல்.

அமெரிக்காவில் சரக்கு ரயில் தனியார், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பயணிகள் வண்டி தங்களுக்கு நட்டம் என்று அந்தக் கம்பெனிகள் கைவிட்டதால்தான் 1971-இல் அரசு ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தைத் தொடங்கியது.

எனக்கு இதில் தெரிவது, பயணிகள் ரயில் எந்த உடைமையில் இருந்தாலும் பொதுப்பணம் கேட்கிறது. அந்தப் பணத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

திருப்பூர்_நூல் எழுதியது:

தங்கச்சி நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு கேள்வி. 2020-ல நம்ம நாட்டுலயே 109 வழித்தடத்துல 151 தனியார் வண்டி விடறோம்னு டெண்டர் போட்டாங்களே? 35 வருச ஒப்பந்தம், ஏறத்தாழ 30,000 கோடி முதலீடு எதிர்பார்த்தாங்க. 2021-ல டெண்டர் திறந்தா வந்தது ரெண்டே பேரு, அதுல ஒருத்தர் ரயில்வேயோட சொந்தக் கம்பெனி. ஏன் யாரும் வரல? ஆடறவரே அம்பயரா இருக்கற மேட்ச்சு அது. பாதை ரயில்வேயோடது, நேரம் குடுக்கறது ரயில்வே, இழுவைக் கட்டணம் வாங்கறது ரயில்வே, அதே பாதையில போட்டி வண்டி ஓட்டறதும் ரயில்வே. தகராறு வந்தா யாருகிட்டப் போறது? ரயில் வளர்ச்சி ஆணையம்னு ஒரு தனி ஒழுங்காணையம் அமைக்க 2017-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. அது வேலை செஞ்சிருந்தா எங்களை மாதிரி சரக்கு அனுப்பறவனுக்கும் போய்ச் சொல்ல ஒரு எடம் இருந்திருக்கும்.

ஆழியாறு கேட்டதுக்கு: உங்க பாதைக்குத் தனியார் சும்மா வரமாட்டாங்க, அது உண்மை. ஆனா "இந்த நேரத்துக்கு இத்தனை நடை ஓட்டு, குறையற பணத்தை நாங்க தர்றோம்"னு ஏலம் விட்டா, குறைஞ்ச தொகை கேக்கறவனுக்குக் குடுக்கலாமே. ஐரோப்பாவுல கிளைப்பாதைகள அப்படி ஓட்டறாங்கன்னு படிச்சிருக்கறேன்.

வெடியால_வண்டி எழுதியது:

நான் தினமும் ரயில்ல வேலைக்குப் போற பொம்பளைங்க. பெரிய கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சர் வண்டிக்கு ஸ்பெசல்னு பேர் மாத்தி 10 ரூபாய் டிக்கெட்ட 30 ரூபாய் ஆக்குனாங்க. 2024 பிப்ரவரியிலதான் திரும்ப 10 ரூபாய் ஆச்சு. அதே வண்டி, அதே பொட்டி, அதே நிறுத்தம். அத்தனை வருசம் மூணு மடங்கு வாங்குனது அரசாங்க ரயில்தான். தனியார் வந்தாத்தான் ஏத்துவாங்கன்னு யாரும் சொல்லாதீங்க.

எங்கூட மில்லுக்கு வர்ற பிள்ளைக நிறைய பேர் அப்போ ரயிலை விட்டுட்டு டவுன் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு இல்லீங்களே.

பெரியவங்க சலுகையும் 2020 மார்ச்சுல நிறுத்துனது நிறுத்துனதுதான். எங்க மாமியார் மதுரைக்குப் போறதுன்னா பாதி டிக்கெட்டுல போயிட்டிருந்தாங்க. இப்ப முழு டிக்கெட்டு.

நொய்யல்கரை எழுதியது:

ஆழியாறு கேட்ட கேள்வி இந்த இழையிலேயே கூர்மையானது. அதற்கு முதலில் வருகிறேன்.

அரசு உடைமை இருந்தும் பொள்ளாச்சிக்கு வண்டி இல்லை, ஏன்? கைகாட்டி ஐயா சொன்னதிலேயே விடை இருக்கிறது. இங்கே மானியம் என்பது ஒரு முடிவாக இல்லை, மிச்சமாக இருக்கிறது. எல்லா வண்டியும் ஓடி, வருசக் கடைசியில் பயணிகள் பக்கத்தில் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மானியம் என்று பெயர் வைக்கிறோம். 56,993 கோடியில் பொள்ளாச்சிக்கு எவ்வளவு, மேட்டுப்பாளையம் மெமுவுக்கு எவ்வளவு, மும்பைப் புறநகருக்கு எவ்வளவு, யாருக்கும் தெரியாது. யாரும் தீர்மானிக்காத மானியத்தில் யாரும் உரிமை கேட்க முடியாது. அதனால்தான் "வருமானம் இல்லை" என்ற ஒரு வரியோடு வண்டி நின்றுபோகிறது.

வெடியால_வண்டி அக்கா சொன்ன டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தை அரசு பட்ஜெட்டில் ஒதுக்கிப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. சட்டமன்றத்தில் அதைப் பற்றி விவாதிக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம், போதவில்லை என்று சண்டை போடலாம். பேருந்து எப்படி ஓடுகிறது என்பதில் ஆயிரம் குறை இருக்கட்டும், மானியத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. ரயில் பயணிக்கும் அப்படி ஒன்று வேண்டும். நாமக்கல் நண்பர் கேட்டதும் இதைத்தான். தீவனத்தின் மேல் மறைமுகமாக ஏற்றாமல், பட்ஜெட்டில் இன்ன பாதைக்கு, இன்ன சேவைக்கு, இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கட்டும்.

அதற்கு இன்று தடையும் குறைவு. 1924-இல் பிரித்த ரயில்வே பட்ஜெட்டை 2017-இல் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். முதலீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கோடி அளவில் பொது பட்ஜெட்டிலிருந்தே போகிறது. அந்தப் பணத்தில் பாதை வந்துவிடுகிறது, அதன்மேல் வண்டி ஓட்டத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை. பொள்ளாச்சி இதற்குக் கண்முன் சாட்சி.

நூல் தம்பி, தனி ஒழுங்காணையம் வேண்டும் என்பதில் நான் உங்களோடு. ஏலம் விடுவதிலும் எனக்குப் பகை இல்லை. ஆனால் மூன்று நிபந்தனை இல்லாமல் வேண்டாம். தண்டவாளமும் சிக்னலும் நிலமும் பொதுவில் இருக்கவேண்டும், ஹாட்ஃபீல்டுக்குப் பிறகு அதைப் பற்றி வாதமே தேவையில்லை. கட்டணமும் நேரப்பட்டியலும் கொடுக்கிற அரசு முடிவு செய்யவேண்டும், வாங்குகிற கம்பெனி அல்ல. ஓட்டுபவரின் வரவு செலவு முழுதும் வெளியில் இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு 5 சதவீதம் உறுதி கொடுத்தபோது இந்த மூன்றில் கணக்குப் பார்க்கும் உரிமை மட்டும் ஓரளவு அரசிடம் இருந்தது. செலவு வீங்குவதை அது தடுக்கவில்லை, ஏனென்றால் செலவு செய்பவருக்கு வலி இல்லை.

ஷீரடி வண்டியை நான் இந்தக் கணக்கில் எதிர்க்கவில்லை. பெட்டி ரயில்வேயிடம் வாடகை, ஓட்டுநரும் இன்ஜினும் ரயில்வே, கட்டணம் நடத்துபவர் வைப்பது. அது சுற்றுலா. போகிறவர் முழுச் செலவையும் கொடுக்கட்டும். தினசரி வேலைக்குப் போகிற வண்டிக்கு அதே முறையைக் கொண்டுவந்தால்தான் எதிர்ப்பேன்.

கைகாட்டி எழுதியது:

சுற்றுலா என்றதும் நீலகிரி மலை ரயிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விவாதத்தின் மொத்தமும் அந்த 46 கிலோமீட்டரில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் வரை பாதை 1873-இல் வந்துவிட்டது. மலைமேல் ஏற்ற ரிக்கன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர் 1882-இல் திட்டம் கொடுத்தார். 1885-இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891-இல் வேலை ஆரம்பித்தது. 1894-இல் பணம் தீர்ந்து கம்பெனி கலைந்தது. புதிதாக ஒரு கம்பெனி வந்து 1899-இல் குன்னூர் வரை முடித்தது. அதுவும் நிலைக்கவில்லை, 1903-இல் அரசு வாங்கியது. உதகை வரை 1908-இல் நீட்டியது அரசு. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம், பல்சக்கரப் பாதை, தனி இன்ஜின், சொற்ப வேகம், மழைக்காலத்தில் மண்சரிவு. டிக்கெட் காசில் இதை நடத்தவே முடியாது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது பொதுப்பணம் அத்தனை காலம் தாங்கியதால்தான்.

2020 டிசம்பரில் அதில் தனியார் வாடகைக்கு எடுத்த வண்டி ஓடியது, டிக்கெட் 3,000 ரூபாய் அளவு. ஊரே கொதித்தது. தனியாருக்குக் கொடுக்கவில்லை, வாடகை வண்டிதான் என்று ரயில்வே விளக்கம் சொன்னது. வாடகைக்கு விடுவதில் தப்பில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரம் வழக்கமான வண்டி கொரோனாவால் நின்றிருந்தது. மலைமக்கள் ஏறும் வண்டி நிற்க, 3,000 ரூபாய் வண்டி மட்டும் ஓடினால் மக்கள் வேறென்ன நினைப்பார்கள்? எதை முதலில் ஓட்டுவது என்ற வரிசையை அங்கே தவறவிட்டார்கள்.

ஆழியாறு, உங்கள் பாதை பற்றி ஒரு வேலை சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். "நட்டம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், சூத்திரத்தில் வந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மீட்டர்கேஜை மூடும் முன் எத்தனை வண்டி எந்த நேரத்தில் ஓடியது, ஒவ்வொரு நிலையத்திலும் மாதம் எத்தனை டிக்கெட், எத்தனை சீசன் விற்றது, இப்போது எத்தனை, இவற்றைக் கேளுங்கள். அடுத்து, ஒரு மெமு கூடுதலாக ஓட்டினால் அந்த வண்டிக்கென்றே ஆகும் மின்சாரம், ஆள், பராமரிப்புச் செலவு என்ன என்று தனியாகக் கேளுங்கள். தண்டவாளச் செலவைச் சேர்க்க வேண்டாம் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

ஆழியாறு எழுதியது:

ரொம்ப நன்றிங்க ஐயா. பொள்ளாச்சி எந்தக் கோட்டத்துல வருதுன்னே எங்க ஆளுகளுக்குள்ள குழப்பம் இருக்குது. போத்தனூர் சேலம் கோட்டம்தானே? நாங்க பாலக்காட்டுக்கு எழுதறதா, சேலத்துக்கா?

கைகாட்டி எழுதியது:

பொள்ளாச்சி பாலக்காட்டுக் கோட்டம். 2007-இல் சேலம் கோட்டம் பிரிந்தபோதும் அது பாலக்காட்டிலேயே இருந்தது. போத்தனூர் சேலம். உங்கள் வண்டி இரண்டு கோட்டத்திலும் ஓடவேண்டும் என்பதால் இரண்டுக்கும் எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டாமல் இருக்க, இரண்டு மனுவிலும் மற்றதன் நகலைச் சேர்த்துவிடுங்கள்.

முட்டைநாடு எழுதியது:

அதே மாதிரி நாமக்கல் கூட்ஸ் ஷெட்டுக்கு எங்க சங்கத்துல இருந்து ஒரு மனு போடலாமுங்களா? மக்காச்சோள ரேக்குக்கு நாங்க கட்டற கட்டணத்துல உண்மையான ஓட்டுச் செலவு எவ்வளவு, பயணிகளுக்குப் போறது எவ்வளவுன்னு.

நொய்யல்கரை எழுதியது:

கண்டிப்பாகப் போடுங்கள். இரண்டு பதிலும் வந்ததும் இங்கேயே பதியுங்கள். ஒரு பக்கம் யார் கட்டுகிறார்கள், மறுபக்கம் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை நாமே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோட்ட அளவில் ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழு கூடும்போது நம் சார்பில் யாராவது கொண்டுபோக அது உதவும். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் பாரதி_பூங்காவும் நானும் சேர்ந்து எழுதித் தருகிறோம்.